ஒரே பெயர், இரண்டு சில்லுகள்: லினக்ஸ் கணினியில் கிராஃபிக்ஸ் அட்டையை இனங்காண்பது

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உயர்தரத்துக்குப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் இருப்பது பாவித்த மேசைக் கணினி: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, எட்டு ஜிபி நினைவகம், என்விடியா ஜிடி 730 அட்டை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததும் லினக்ஸ் மின்டுக்கு மாறினான். முதல் நாள் எல்லாம் நன்றாகவே ஓடியது. இரண்டாம் நாள், இணையத்தில் தேடி, ஆகப் புதிய என்விடியா டிரைவரைத் தரவிறக்கி நிறுவினான். கணினியை மீளத் தொடங்கியதும் திரை கறுத்துவிட்டது.

"புதிய டிரைவர்தானே மாமா நல்லது?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

நியாயமான கேள்விதான். விண்டோஸில் பல ஆண்டுகள் பழகியவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். லினக்ஸில் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: அந்த அட்டைக்குள் இருக்கும் சில்லு (சிப்) எது? அதை அறியாமல் எதையும் நிறுவக் கூடாது. கறுத்த திரையோடு உதவி கேட்டு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அறிவதற்கு முன்பே நிறுவிவிட்டவர்கள்.

கொழும்பில் இந்தச் சிக்கல் இப்போது பெருகுவதற்குக் காரணம் உண்டு. 2022 நெருக்கடியில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணயமாற்று விகிதம் சில வாரங்களிலேயே 360 ரூபாயைத் தொட்டது. புதிய கணினி பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளாகி, பாவித்த கணினிகளும் பழைய அட்டைகளும் கைமாறத் தொடங்கின. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பதோ இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும். நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் கணினியைக் குப்பைக்குப் போடாமல் லினக்ஸ் போட்டு ஓட்டுவது நம் ஊருக்குப் பொருத்தமான, நான் மனதார ஆதரிக்கும் வழி. ஆனால் பழைய கணினியில்தான் பழைய அட்டை இருக்கும். பழைய அட்டையில்தான் டிரைவர் சிக்கல் இருக்கும்.

பையனின் கணினியில் நான் முதலில் செய்தது, கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3 விசையையும் சேர்த்து அழுத்தி, எழுத்துகள் மட்டும் தெரியும் திரைக்குப் போனது. வரைகலைத் திரை கறுத்தாலும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அங்கே ஒரு கட்டளை: எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகள் சேர்ந்த எல்எஸ்பிசிஐ. அதன்பின் ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, அதோடு ஒட்டி என், என், கே. முதல் ஐந்து எழுத்துகள் கணினியின் பிசிஐ தடத்தில் இணைந்திருக்கும் எல்லாப் பாகங்களையும் பட்டியலிடும். இரண்டு என்களும் பெயரோடு அடையாள எண்ணையும் காட்டச் சொல்லும். கே, அந்தப் பாகத்தை இந்தக் கணம் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று கேட்கும். இதற்கு எதையும் தரவிறக்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், இணைய இணைப்பே வேண்டாம்.

வரும் பட்டியலில் விஜிஏ அல்லது 3டி என்ற சொல் உள்ள வரியைத் தேட வேண்டும். அந்த வரியின் கடைசியை ஒட்டிச் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளருடையது. 8086 என்றால் இன்டெல். 1978இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற செயலியின் எண்ணையே தங்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 1002 என்றால் ஏஎம்டி. சரியாகச் சொன்னால் அது ஏடிஐ நிறுவனத்தின் எண். 2006இல் ஏஎம்டி அதை வாங்கியபின்னும் கிராஃபிக்ஸ் அட்டைகளில் அந்த எண்ணே தொடர்கிறது. 10டிஇ என்றால் என்விடியா. இரண்டாவது எண் சில்லுக்கும் மாதிரிக்கும் உரியது. திரையில் தெரியும் பெயர்கள், கணினியில் ஏற்கெனவே சேமித்திருக்கும் ஒரு பட்டியலில் இருந்து எடுக்கப்படுபவை. அட்டை மிகப் புதியதென்றால் பெயர் இல்லாமல் போகலாம். எண் எப்போதும் இருக்கும், ஏனென்றால் அதைச் சொல்வது அட்டையே.

பையனின் கணினி சொன்னது: ஜிஎஃப்108, ஜிஃபோர்ஸ் ஜிடி 730, 10டிஇ:0எஃப்02.

விடை அந்த எண்ணிலேயே இருந்தது. 2014இல் ஜிடி 730 சந்தைக்கு வந்தபோது ஒரே பெயரில் வெவ்வேறு அட்டைகளாக வந்தது. ஒன்றுக்குள் இருப்பது ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்த ஜிஎஃப்108 சில்லு. அதில் 96 கணிப்புக் கருக்கள். மற்றவற்றுக்குள் இருப்பது கெப்லர் தலைமுறையின் ஜிகே208, அதில் 384. பெட்டியில் இருக்கும் பெரிய எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். விண்டோஸ் பாவித்தவருக்கு வேகத்தில் மட்டுமே வேறுபாடு தெரிந்திருக்கும். லினக்ஸில் இவை இரண்டும் இரண்டு சாதி. கெப்லருக்கு 470 தொடர் டிரைவர். அதன் ஆதரவு 2024 வரை நீடித்தது. ஃபெர்மிக்கு 390 தொடர். அது 2022இன் இறுதியோடு நின்றுவிட்டது. 10டிஇ:1287 என்று வந்திருந்தால் அது கெப்லர். அவனிடம் இருந்ததோ ஃபெர்மி.

அவன் நிறுவியது ஐந்நூறுகளில் ஓடும் புதிய தொடர். அந்த நிறுவி, இந்த அட்டையை இது ஆதரிக்காது என்று ஓர் எச்சரிக்கையையும் காட்டியிருந்தது. ஆங்கிலத்தில் வந்த நீண்ட வாசகத்தை வாசிக்காமல் சரி என்ற பொத்தானை அழுத்திவிட்டான். இதற்காக அவனைக் குறை சொல்ல மாட்டேன். லினக்ஸின் உட்கருவான கெர்னலின் குறிப்பேட்டைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளையைக் கொடுத்தபோது அங்கேயும் அதே செய்தி தெளிவாக எழுதப்பட்டிருந்தது: இந்த ஜிபியு (கிராஃபிக்ஸ் சில்லு) 390 பழைய தொடர் வழியாக ஆதரிக்கப்படுகிறது, இப்போது நிறுவியிருக்கும் டிரைவர் இதைப் புறக்கணிக்கும். கணினி வாய்விட்டே சொல்லியிருக்கிறது. எந்தத் திரையில் சொல்லும் என்பது தெரியாததால் அவன் இரண்டு நாள் தவித்தான்.

இங்கே டிரைவர் என்றால் என்னவென்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்க் கணிமை அதை இயக்கி என்கிறது. நம் ஊரில் வண்டி ஓட்டுபவர் சாரதி. எனக்கு இந்தச் சாரதி உவமை பிடிக்கும், ஏனென்றால் லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர் உண்மையில் ஓர் ஆள் இல்லை. காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் சாரதியும் நடத்துனரும் இருப்பதுபோல இங்கேயும் இருவர். கெர்னலுக்குள் அமர்ந்திருக்கும் பகுதி சாரதி. அது அட்டையின் நினைவகத்தைப் பங்கிடுகிறது, திரையின் அளவை அமைக்கிறது, மின்சாரத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது. பயனர் பக்கத்தில் இருக்கும் நூலகங்கள் நடத்துனர். உலாவி, விளையாட்டு, காணொளி என்று ஏறும் ஒவ்வொரு பயணியும் அதனிடம்தான் பேசுகிறது; ஓபன்ஜிஎல், வல்கன் மொழிகளில் வரும் கோரிக்கைகளைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றுவது அதன் வேலை. திறமூல டிரைவர்களில் இந்த நடத்துனரின் பெயர் மேசா. பிரயன் பால் என்பவர் 1993இல் தொடங்கிய திட்டம் அது.

இருவரும் ஒரே பஸ்ஸில் இருக்க வேண்டும். என்விடியாவின் சொந்த டிரைவரில் இது மிகக் கண்டிப்பு: இரண்டு பகுதிகளின் பதிப்பு எண்ணும் கடைசி இலக்கம்வரை பொருந்த வேண்டும். இற்றைப்படுத்தல் நடந்தபின் கணினியை மீளத் தொடங்காமல் வைத்திருந்தால், கெர்னலில் பழைய பாதியும் வட்டில் புதிய பாதியும் இருக்கும். என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளை அப்போது டிரைவரும் நூலகமும் பொருந்தவில்லை என்று முறையிடும். இந்தச் செய்தியைக் கண்டதும் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீளத் தொடங்கினால் போதும்.

இன்டெல் பக்கம் சொல்வதற்கு அதிகமில்லை. ஐ915 என்ற டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மிகப் புதிய சில்லுகளுக்கு எக்ஸ்இ என்ற புதியது வந்திருக்கிறது. நிறுவ எதுவும் இல்லை. ஏஎம்டியும் ஏறத்தாழ அப்படித்தான். எச்டி 5450, 6450 போன்ற பழைய அட்டைகளை ரேடியான் என்ற டிரைவர் பிடித்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 570, 580 போன்றவற்றை 2015இல் வந்த ஏஎம்டிஜிபியு பிடித்துக்கொள்ளும். இடையில் 2012 அளவில் வந்த எச்டி 7000 வரிசை நெடுநாளாக எல்லைக்கோட்டில் நின்றது: கெர்னல் தானாகக் கொடுப்பது ரேடியான், தொடக்க அளவுரு ஒன்றைச் சேர்த்தால் ஏஎம்டிஜிபியு. இந்த அட்டைகளுக்கு டிரைவர் இருந்தும் படம் வராவிட்டால் ஃபர்ம்வேர் பொதியைப் பாருங்கள். சில்லுக்குள் ஏற்ற வேண்டிய இந்தச் சிறு கோப்புகள் கெர்னலோடு வருவதில்லை. லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியன் நெடுங்காலம் இவற்றைத் தன் நிறுவல் வட்டுக்கு வெளியே வைத்திருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த டெபியன் 12 முதல் உள்ளே சேர்த்தது.

என்விடியாவின் கதை நீளமானது. அந்நிறுவனம் தன் டிரைவரின் மூல நிரலைப் பல்லாண்டுகள் மூடியே வைத்திருந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் சமூகம் கையாண்ட நிறுவனங்களிலேயே மிக மோசமானது இதுதான் என்று வெளிப்படையாகவே திட்டினார். மூடிய டிரைவர் ஏன் இவ்வளவு பெரிய சிக்கல் என்றால், கெர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவை. மாறாமல் வைத்திருப்போம் என்று கெர்னலை எழுதுபவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் டிரைவர்களை அவர்களே மாற்றத்தோடு சேர்த்துத் திருத்திவிடுவார்கள். வெளியே இருப்பதை அதன் உரிமையாளர்தான் திருத்த வேண்டும். உரிமையாளர் கைவிட்ட நாளில் இருந்து அது புதிய கெர்னலோடு ஒவ்வொரு படியாக விலகிப் போகும். 390 தொடருக்கு நேர்ந்தது இதுதான்: அட்டை பழுதாகவில்லை, டிரைவரும் கெட்டுப்போகவில்லை, அது நின்ற தரை நகர்ந்துவிட்டது.

இந்த மூடிய கதவுக்கு மாற்றாகப் பிறந்தது நூவோ. பிரெஞ்சில் புதியது என்று பொருள். அட்டையின் நடத்தையைக் கவனித்துக் கவனித்து, ஆவணமே இல்லாமல் எழுதிய டிரைவர் இது. 2010இல் கெர்னலுக்குள் சேர்ந்தது. தன்னார்வலர்களின் அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையில் இருந்து என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைக் கட்டாயமாக்கியது. அது இல்லாமல் அட்டையின் கடிகார வேகத்தை உயர்த்த முடியாது. ஆகவே நூவோ அந்த அட்டைகளைத் தொடக்க வேகத்திலேயே ஓட்ட வேண்டியதாயிற்று. 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதியின் நிரலைத் திறந்துவிட்டது. 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும். நடத்துனர் இன்னும் மூடிய அறையில்தான் இருக்கிறார். ஆனாலும் புதிய அட்டைகளின் நிலை பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல்.

பழைய அட்டை வாங்கப் போகிறவர் இந்த எண்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஜிஃபோர்ஸ் 210 போன்றவை 340 தொடர், 2019இல் முடிந்தது. ஃபெர்மிக்கு 390. ஜிடி 710 உட்பட கெப்லருக்கு 470. ஜிடிஎக்ஸ் 750 டிஐ, ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 போன்ற மேக்ஸ்வெல், பாஸ்கல் அட்டைகளுக்கு 580 தொடரே கடைசி. டூரிங்கில் இருந்து மேலே உள்ளவற்றுக்குப் புதிய தொடர்கள். கடையில் பேரம் பேசும்போது பெயரை விட்டுவிட்டு, முடிந்தால் கையோடு கொண்டுபோன லினக்ஸ் யுஎஸ்பியில் கணினியைத் தொடங்கி அந்த ஒரு கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பழைய ஃபெர்மி சில்லுக்குப் புதிய பெயரிட்டு விற்கும் போலி அட்டைகளும் உலகச் சந்தையில் உலவுகின்றன.

அட்டையை அறிந்தபின் நிறுவுவது எளிது. உபுண்டுவில் மேலதிக டிரைவர்கள் என்ற சாளரமும், மின்டில் டிரைவர் மேலாளரும் இருக்கின்றன. உங்கள் எண்ணைப் பார்த்து அதற்குரிய பொதியை அவையே பரிந்துரைக்கும். பட்டியலில் எதுவும் இல்லையென்றால் அதுவும் ஒரு விடைதான்: இந்த வெளியீட்டில் உங்கள் அட்டைக்கு மூடிய டிரைவர் இல்லை, நூவோவோடு இருங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து நேரடியாக எடுத்து நிறுவுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்படி நிறுவியதை, கணினியின் மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் பொதி மேலாளர் அறியாது. அடுத்த கெர்னல் வந்ததும் அது அறுந்துபோகலாம், அழிப்பதும் பெரும்பாடு. பொதி வழியாக வந்தால், கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு டிரைவரை மறுபடி தொகுக்கும், அல்லது தொகுத்த டிரைவரே கெர்னலோடு சேர்ந்து வரும். டிகேஎம்எஸ் வேலை செய்ய கெர்னலின் தலைப்புக் கோப்புகள் இருக்க வேண்டும். தொகுத்து முடியும்வரை மின்சாரமும் இருக்க வேண்டும். இடி முழங்கும் மாலையில் இதைத் தொடங்காதீர்கள்.

கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு படி உண்டு. கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. ஆகவே நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மீளத் தொடங்கியதும் நீலத்திரை ஒன்று பத்து விநாடி காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, புதிய சாவியைப் பதிவுசெய் என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலத்தைக் கண்டதும் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். கணினி வழமைபோலத் தொடங்கிவிடும், சாவி பதிவாகியிருக்காது, டிரைவர் ஏறாது. அந்தப் பத்து விநாடிக்குத் தயாராக உட்காருங்கள்.

இரண்டு ஜிபியு உள்ள மடிக்கணினிகளில் எல்எஸ்பிசிஐ இரண்டு வரிகளைக் காட்டும். அங்கே திரையை ஓட்டுவது பெரும்பாலும் உள்ளிணைந்த இன்டெல் அல்லது ஏஎம்டி சில்லு; என்விடியா கனமான வேலைக்கு மட்டும் எழும். உபுண்டுவில் பிரைம்-செலக்ட் கட்டளையால் எது ஓட வேண்டும் என்று மாற்றலாம். மின்கலத்தை நம்பிப் படிக்கும் மாணவருக்கு இன்டெல் போதும்.

நிறுவியபின் சரிபார்க்க, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையோடு சிறுகோடும் பெரிய எழுத்து பியும் சேர்த்துக் கொடுங்கள். மேசா-யுடில்ஸ் பொதியில் அது இருக்கிறது. ரெண்டரர் என்ற வரியில் உங்கள் சில்லின் பெயர் வர வேண்டும். எல்எல்விஎம்பைப் என்று வந்தால் அட்டை வேலையே செய்யவில்லை, எல்லாப் படத்தையும் செயலியே வரைகிறது என்று பொருள். காணொளி விக்கும், விசிறி கத்தும். இதற்கு அடிக்கடி காரணமாவது நோமோட்செட். திரை வராதபோது, கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் இ விசையை அழுத்தி லினக்ஸ் வரியின் கடைசியில் அந்தச் சொல்லைச் சேர்த்தால், கெர்னல் கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடாமல் தொடங்கும். உள்ளே நுழைய அருமையான வழி. ஆனால் அதை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு மறந்தால், எவ்வளவு நல்ல டிரைவரைப் போட்டாலும் பயன் இருக்காது. முதலுதவிக் கட்டை ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டிருப்பது போன்றது அது.

பையனின் கணினிக்கு வருகிறேன். நிறுவியோடு வந்த நீக்கும் கட்டளையால் புதிய டிரைவரை எடுத்தோம். நூவோவை ஏற்றாதே என்று நிறுவி எழுதிவைத்திருந்த தடைக் கோப்பும் போய்விட்டதா என்று பார்த்தோம். ஈடிசி அடைவில் எக்ஸ்11 கோப்புறைக்குள், இனி என்விடியாவை மட்டும் தேடு என்று கட்டளையிடும் அமைவுக் கோப்பு ஒன்று மிஞ்சியிருந்தது. அதையும் அழித்து, தொடக்கப் படிமத்தைப் புதுப்பித்தோம். மீளத் தொடங்கியதும் நூவோ அட்டையைப் பிடித்துக்கொண்டு முழு அளவில் திரையைக் கொடுத்தது. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ஐ5 செயலிக்குள்ளேயே எச்டி 4600 என்ற இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கிறது. தனி அட்டை செருகியிருந்ததால் பயாஸ் அதை அணைத்து வைத்திருந்தது. அவனுக்கு வேண்டியது பாடக் காணொளி, நிரலெழுதுதல், தமிழ் எழுத்துருவில் ஆவணம். அதற்கு, ஆதரவு நின்ற சில்லைவிட ஆதரவு தொடரும் சில்லே மேல் என்றேன்.

மின்சாரத்தை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, அட்டையை அவனே மெதுவாக உருவினான். திரையின் வடத்தைத் தாய்ப்பலகையின் துளையில் செருகினான். தொடங்கியதும், நான் சொல்லாமலே டெர்மினலைத் திறந்து இரண்டு கட்டளைகளையும் அடித்தான். முதலாவதில் 8086, பிடித்திருப்பது ஐ915. இரண்டாவதில் மேசா இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 4600. உருவிய அட்டையைப் பழைய பெட்டிக்குள் வைத்து, பெட்டியில் இருந்த பெயரின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, "ஜிஎஃப்108, ஃபெர்மி, 390" என்று எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறான்.